பிறந்த குழந்தையிடம் குரோமோசோம் கோளாறை அடையாளம் காண்பது: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிரசவ வார்டுக்கு ஹவுஸ் சர்ஜனாகவோ ஸ்டாஃப் நர்ஸாகவோ புதிதாக வருகிறவர்கள் பாடப்புத்தகத்துப் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். படத்துக் குழந்தைக்கு எல்லா அடையாளமும் பளிச்சென்று இருக்கும். வார்டில் அப்படி ஒரு குழந்தை அபூர்வம். இரண்டு அடையாளம் தெளிவாகத் தெரியும், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. இதற்கிடையில் கட்டிலோரம் நிற்கும் உறவுக்காரர், "என்னங்க டாக்டர், ரொம்ப நேரமா பாக்குறீங்க?" என்று கேட்டுவிடுவார்.

உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 150-க்கு ஒன்றுக்கு ஏதாவது ஒரு குரோமோசோம் மாற்றம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் பிறந்த அன்று கண்ணில் படவே படாது. கண்ணில் படுகிறவற்றில் முதலிடம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கு: சுமார் 700 முதல் 800 பிறப்புக்கு ஒன்று. மாதம் 500 பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு குழந்தையை எதிர்பார்க்கலாம். அதனால் இங்கே பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோய்க்குப் பெயர் சூட்டுவது உங்கள் முதல் வேலை இல்லை. பெயரை லேப் சொல்லும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆனால் ஆகட்டும். அந்தக் குழந்தையின் குடல் அடைத்திருந்தால் இரண்டு நாள்கூடப் பொறுக்காது. இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி சுருங்கியிருந்தால் அதுவும் பொறுக்காது. சந்தேகம் வந்த உடனே காத்திருக்க முடியாத பிரச்சினைகளைத் தேட ஆரம்பிப்பதுதான் உங்கள் வேலை.

தொடுவதற்கு முன்

கேஸ் ஷீட்டை எடுத்துப் படியுங்கள். தாயின் வயது, ஸ்கேனில் கழுத்துத் தோல் தடிப்பாக இருந்ததாக எழுதியிருக்கிறார்களா, பனிக்குட நீர் அதிகமாக இருந்ததா, வளர்ச்சி குறைவாக இருந்ததா, முன்பு கரு கலைந்திருக்கிறதா என்று பாருங்கள். பனிக்குட நீர் அதிகம் என்ற வரியை அலட்சியமாகத் தாண்டிவிட வேண்டாம். குழந்தை விழுங்க முடியாமலோ குடல் அடைத்தோ இருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் தடயம். தாய்க்கு வயது 23தான், டவுன் சிண்ட்ரோமாக இருக்காது என்றும் நினைக்காதீர்கள். வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. 35-இல் சுமார் 350-க்கு ஒன்று, 40-இல் சுமார் 100-க்கு ஒன்று. ஆனால் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் அதிகம் பேர் 35-க்குக் குறைந்த தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறார்கள்.

அடுத்து, பிறந்த சில மணி நேரத்துக்குள் முகத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பிரசவப் பாதையில் நசுங்கி வந்த முகம் அது. இமை வீங்கியிருக்கும், மூக்கு அழுந்தியிருக்கும். ஒரு நாள் கழித்து, பால் குடித்து விழித்துக் கிடக்கும் நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அவசர அறிகுறி ஏதும் இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

கையோடு அம்மாவையும் அப்பாவையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கண் கொஞ்சம் மேலேறியிருப்பது, தாடை சிறுத்திருப்பது, காது சின்னதாக இருப்பது எல்லாம் குடும்பச் சாயலாகவும் இருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு பாதிச் சந்தேகம் கலைந்துபோவது உண்டு.

முதலில் தூக்கிப் பாருங்கள்

எல்லோரும் முகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் தூக்குவதில்தான் ஆரம்பிக்கச் சொல்வேன். டவுன் சிண்ட்ரோம் குழந்தையைப் பற்றி முதலில் சந்தேகப்படுவது பெரும்பாலும் குளிப்பாட்டித் துடைக்கிற நர்ஸின் கைதான், கண் இல்லை.

குழந்தையை எதிரே வைத்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நேராகத் தூக்குங்கள். நல்ல தசை இறுக்கம் உள்ள குழந்தையின் தோள் உங்கள் கையைக் கவ்விக்கொள்ளும். இறுக்கம் குறைந்த குழந்தை நழுவும். தோள் காதுப் பக்கம் ஏற, உடம்பு கீழே இறங்குவதை விரல் உடனே உணரும். அப்புறம் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் குப்புறத் தூக்குங்கள். நிறைமாதக் குழந்தை தலையைக் கணநேரமாவது தூக்கப் பார்க்கும், கை கால்களை மடக்கி வைத்திருக்கும். தளர்ந்த குழந்தை ஈரத்துணி போல இரண்டு பக்கமும் தொங்கிவிடும். மோரோ அனிச்சையையும் பாருங்கள்: தலையைத் தாங்கியிருக்கும் கையைச் சட்டெனக் கொஞ்சம் இறக்கினால் கைகள் விரிந்து மீண்டும் அணைக்க வர வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் இது அரைகுறையாக இருக்கும் அல்லது வராது.

தளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. குறைமாதக் குழந்தை இயல்பாகவே தளர்ச்சியாகத்தான் இருக்கும். தாய்க்கு ரத்த அழுத்தத்துக்காக மெக்னீசியம் சல்ஃபேட் போட்டிருந்தாலும், பிறக்கும்போது மூச்சுத் திணறியிருந்தாலும், ரத்தத்தில் கிருமித் தொற்று இருந்தாலும் குழந்தை தளரும். தைராய்டு குறைவாகப் பிறந்த குழந்தையும் தளர்ச்சி, துருத்திய நாக்கு, தொப்புள் புடைப்பு என்று கிட்டத்தட்ட டவுன் சிண்ட்ரோம் போலவே ஏமாற்றும். நாக்கை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அப்புறம் முகம், கழுத்து, கை, கால்

பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முகம் தட்டையாகத் தெரிகிறதா? மூக்குத்தண்டு அமுங்கியிருக்கிறதா? நேரே பார்க்கும்போது கண்ணின் வெளிமூலை உள்மூலையைவிட மேலே ஏறியிருக்கிறதா? உள்மூலையில் சின்னத் தோல் மடிப்பு இருக்கிறதா?

காதின் இடத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ணின் உள்மூலையையும் வெளிமூலையையும் இணைத்து ஒரு கோடு போட்டதாகக் கற்பனை செய்து, அதைக் காது வரை நீட்டுங்கள். காதின் மேல்விளிம்பு தலையில் ஒட்டும் இடம் அந்தக் கோட்டிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தலை சற்றே பின்னால் சாய்ந்திருந்தாலும் எல்லாக் காதும் தாழ்ந்தே தெரியும். ஆகவே தலையை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பார்ப்பது நல்லது. டவுன் சிண்ட்ரோமில் காது சிறியதாக, உருண்டையாக, உள்மடிப்புகள் எளிமையாக இருக்கும்.

பிடரித் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து எடுங்கள். தேவைக்கு மேல் தளர்ந்த தோல் இருந்தால் கையோடு வரும். கையில் சுண்டு விரலின் நடுக் கணு குட்டையாக, விரல் உள்பக்கம் வளைந்து இருக்கலாம். காலில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பு வார் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கலாம்.

உள்ளங்கையில் ஒற்றைக் குறுக்கு ரேகை: புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். சாதாரண மக்களிலேயே நூற்றுக்கு நான்கு பேருக்கு ஒரு கையிலாவது இது இருக்கும். ஒரு பேட்ச் ஹவுஸ் சர்ஜன்களைக் கையை நீட்டச் சொன்னால் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்பு உண்டு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிலும் பாதிப் பேருக்குக்கூட அது இருப்பதில்லை. ரேகை மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லையென்றால், எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

கருவிழியில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும் என்று புத்தகம் சொல்லும். அது நீலக் கண்ணுக்குப் பொருந்தும். நம் ஊர் அடர்பழுப்புக் கண்ணில் பெரும்பாலும் தெரியாது. டார்ச் அடித்துத் தேடிக் குழந்தையை அழ வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஆப்தல்மாஸ்கோப்பை எடுத்துக் கண்ணின் ரெட் ரிஃப்ளெக்ஸை, அதாவது கண்மணி வழியே தெரியும் சிவப்பு ஒளியைப் பாருங்கள். பிறவிக் கண்புரை இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம்; சீக்கிரம் பிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

எண்ணிப் பார்ப்பது

பச்சிளம் குழந்தைகளிடம் டவுன் சிண்ட்ரோமைக் கண்டுகொள்வதற்கென்றே ஹால் என்ற மருத்துவர் 1966-இல் வெளியிட்ட பத்து அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: தட்டையான முகம், மோரோ குறைவு, தசைத் தளர்ச்சி, மேலேறிய கண், பிடரியில் உபரித் தோல், அளவுக்கு மீறி வளையும் மூட்டுகள், எளிய சிறு காது, சுண்டு விரல் நடுக் கணுக் குறைவு, ஒற்றை ரேகை, இடுப்பெலும்பு எக்ஸ்ரே மாற்றம். அவர் பார்த்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் எல்லோருக்கும் இவற்றில் குறைந்தது நான்கு இருந்தன. ஆறும் அதற்கு மேலும் இருந்தவர்கள் 89 விழுக்காடு. தட்டை முகம் 90 விழுக்காட்டினருக்கு இருந்தது, ஒற்றை ரேகை 45 விழுக்காட்டினருக்குத்தான். எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். இதற்காக மட்டும் இடுப்பை எக்ஸ்ரே எடுக்க இன்று யாரும் சொல்வதில்லை, விட்டுவிடுங்கள்.

பட்டியலுக்குப் பொருந்தாத குழந்தைக்கும் ஒரு பொது விதி உண்டு. சின்னச் சின்ன வித்தியாசம் ஒன்று மட்டும் இருப்பது ஆரோக்கியமான குழந்தைகளிலும் சகஜம். மூன்று அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் உள்ளே பெரிய குறை இருக்கிறதா என்று தேட வேண்டும். காதுக்கு முன்னால் ஒரு சின்ன மரு, தனியாக இருந்தால் மருதான். அதனுடன் சிறுத்த தாடையும் தொப்புள்கொடியில் ஒற்றைத் தமனியும் சேர்ந்தால் மூத்த மருத்துவரைக் கூப்பிட வேண்டிய விஷயம். கொடி வெட்டிய இடத்தில் இரண்டு தமனி, ஒரு சிரை என்று எண்ணிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. காய்ந்து போவதற்கு முன் லேபர் ரூமிலேயே பார்த்துவிடுங்கள்.

கேஸ் ஷீட்டில் "டவுன்ஸ் முகம்" என்று எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள்: கண் மேலேறியிருக்கிறது, பிடரித் தோல் தளர்ந்திருக்கிறது, மோரோ அரைகுறை. அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு உங்கள் முடிவைவிட இதுதான் உதவும். குழந்தையின் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டு "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதும் வேண்டாம். படம் தேவையென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கேஸ் ஷீட்டோடு மட்டும் வையுங்கள்.

மற்ற சிண்ட்ரோம்கள், சுருக்கமாக

எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம், அதாவது 18-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது. நிறைமாதத்துக்குப் பிறந்தும் எடை மிகக் குறைவாக இருக்கும். கையைப் பாருங்கள்: முஷ்டி இறுக மூடி, ஆள்காட்டி விரல் நடுவிரல் மேலும், சுண்டு விரல் மோதிர விரல் மேலும் ஏறியிருக்கும். விரித்தால் விரியாது. பின்மண்டை துருத்தியிருக்கும், தாடை சிறுத்திருக்கும், நெஞ்செலும்பு குட்டை, உள்ளங்கால் குழிவதற்குப் பதில் வெளியே வளைந்திருக்கும். அந்தக் கையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

13-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் பட்டாவ் சிண்ட்ரோமில் குறை உடலின் நடுக்கோட்டை ஒட்டியே வரும். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, மிகச் சிறிய கண், நெருங்கிய கண். சுண்டு விரல் பக்கம் ஆறாவது விரல். உச்சந்தலையில் தோலே உருவாகாமல் புண் போல ஒரு திட்டு. ஆறாவது விரல் மட்டும் இருந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் குடும்ப வழக்கம். மாமாவின் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டர்னர் சிண்ட்ரோம் பெண் குழந்தைகளுக்கு மட்டும். எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான் இருக்கும். சுமார் 2000 முதல் 2500 பெண் குழந்தைகளுக்கு ஒன்று. பிறந்ததும் புறங்கையும் புறங்காலும் பொதபொதவென்று வீங்கியிருக்கும், கழுத்தில் உபரித் தோல், பிடரி முடி தாழ்ந்து தொடங்கும், முலைக்காம்புகள் தள்ளியிருக்கும். முகம் சாதாரணமாக இருப்பதால் "பாப்பா நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்தக் குழந்தைக்குத் தொடையிடுக்கு நாடியைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். கையில் நன்றாக அடித்து அங்கே தெரியவில்லை என்றால் மகாதமனிச் சுருக்கம். நான்கு கை கால்களிலும் ரத்த அழுத்தம் பார்த்து, அன்றே எக்கோவுக்கு, அதாவது இருதய ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

22-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு காணாமல் போவது இன்னொன்று. முகத்தை வைத்து இதைப் பச்சிளம் பருவத்தில் பிடிப்பது கஷ்டம். நீலம் பாய்ந்த குழந்தை, எக்கோவில் மகாதமனி வளைவிலோ வெளிச்செல்லும் குழாய்களிலோ குறை, அதோடு கால்சியம் குறைந்து வலிப்பு என்றால் இதை நினையுங்கள். மார்பு எக்ஸ்ரேயில், நோய் எதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியின் நிழல் தெரியாமல் இருக்கலாம். நோய் எதிர்ப்புச் செல்கள் குறைவாக இருக்கலாம் என்பதால் ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு செலுத்திய ரத்தம் வேண்டும். பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மூத்த மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இந்தத் துண்டு தெரியாது; சிறு துண்டு இழப்பையும் காட்டும் ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே பரிசோதனை என்று கேட்டு எழுத வேண்டும்.

5-ஆம் குரோமோசோமின் குட்டையான பாதியில் ஒரு துண்டு இல்லாத குழந்தை பூனைக்குட்டி மாதிரி மெல்லிய கீச்சுக் குரலில் அழும், தலையும் சின்னதாக இருக்கும். எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்டர் ஆண் குழந்தைக்குப் பிறக்கும்போது அடையாளமே இருக்காது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காத்திருக்க முடியாதவை

டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகம் வந்துவிட்டது. ரிப்போர்ட் வரும் முன்பே பார்க்க வேண்டியவை இவை. வரிசையும் முக்கியம்.

முதலில் குடல். பச்சை வாந்தி எடுத்தால் பால் நிறுத்தி, வாய்வழியே குழாய் போட்டு, வயிற்று எக்ஸ்ரே எடுங்கள். முன்சிறுகுடல் அடைப்பில் இரண்டு காற்றுக் குமிழ்கள் தெரியும், கீழே காற்றே இருக்காது. அந்த அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அடைப்பு பித்தநாளத்துக்கு மேலே இருந்தால் வாந்தி பச்சையாக இருக்காது, பால் நிறத்திலேயே வரும். அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆசனவாய் திறந்திருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். 48 மணி நேரத்தில் கருமலம் போகவில்லை என்றால் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை நினைத்து அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து இருதயம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டினருக்கு இருதயக் குறை இருக்கும். ஸ்டெத்தில் மர்மர் எனப்படும் கூடுதல் சத்தம் கேட்கவில்லை என்பதால் இருதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். முதல் நாட்களில் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் அதிகமாக இருப்பதால், பெரிய ஓட்டை வழியாகவும் ரத்தம் வேகமாகப் பாயாது, சத்தம் எழாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் வலது கையிலும் ஒரு காலிலும் 95 காட்டினாலும் இந்த ஓட்டை தப்பிவிடும். எனவே சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் எக்கோ. உங்கள் ஆஸ்பத்திரியில் எக்கோ இல்லை என்றால் தேதி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். மேலறை, கீழறை இரண்டுக்கும் பொதுவான ஓட்டையைச் சில மாதங்களுக்குள் சரி செய்யாவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். பிறகு அறுவை செய்யவே முடியாமல் போகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய அறுவைக்கு வழி இருக்கிறது. பணத்துக்கு பயந்து ஊருக்குப் போய்விடுகிற குடும்பத்திடம் இதை அன்றே சொல்ல வேண்டும்.

ரத்தம். முதல் மூன்று நாளுக்குள் முழு ரத்த எண்ணிக்கையும், ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் ஸ்மியரும் பாருங்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு வெள்ளணுக்களில் முதிராத செல்கள் தெரியும், பார்க்க ரத்தப் புற்றுநோய் போலவே இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மறைந்துவிடும். சிலருக்குப் பின்னால் உண்மையான புற்றுநோய் வருவதால் கண்காணிப்பு தேவை. ஹீமோகுளோபின் மிக அதிகமாக இருப்பதும் சகஜம். மஞ்சள் காமாலையையும் கூர்ந்து பாருங்கள்.

தைராய்டு பரிசோதனை பிறந்ததும் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, ஒரு வயதில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். காது கேட்கும் திறனுக்கான பரிசோதனையையும் டிஸ்சார்ஜுக்கு முன் முடித்துவிடுங்கள்.

பால் குடிப்பதைப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தக் குழந்தைகள் அழுது கேட்காது, தூங்கிவிடும். தாயின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் கன்னத்தைத் தாங்க, மற்ற விரல்கள் மார்பை ஏந்தியிருக்கும்படி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். பலர் பொறுமையாகப் பழகிக் குடித்துவிடுவார்கள்.

ரத்தம் அனுப்புவது

குரோமோசோம் பரிசோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும். இந்த ஒன்றை ஞாபகம் வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும். பச்சை மூடி போட்ட சோடியம் ஹெப்பரின் டியூபில் இரண்டு மில்லி. ஊதா மூடி டியூப் டி.என்.ஏ. பரிசோதனைகளுக்கு, அதில் எடுத்தால் செல்லை வளர்க்க முடியாது. ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். எடுத்ததும் டியூபைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உறைய வைக்கவே கூடாது; அறை வெப்பத்தில், ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் எடுத்து அனுப்புகிற சாம்பிள் எந்த மேஜையில் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ரத்தம் ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் எடுத்துவிடுங்கள். படிவத்தில் உங்கள் சந்தேகத்தை எழுதுங்கள். சில செல்களில் மட்டும் மாற்றம் இருக்கும் கலப்பு வகையாக இருக்கலாம் என்று நினைத்தால் அதையும் எழுதினால் லேபில் அதிக செல்களை எண்ணுவார்கள். அங்கே வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிளவு நடக்கும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக இருபது செல்களை எண்ணுகிறார்கள். அதனால்தான் வாரக்கணக்கில் ஆகிறது. ஃபிஷ், கியூஎஃப்-பிசிஆர் போன்ற விரைவுப் பரிசோதனைகள் இரண்டு மூன்று நாளில் 21, 18, 13 பற்றிச் சொல்லிவிடும். ஆனாலும் முழுப் பரிசோதனை வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நிலைமை மோசமான குழந்தைக்கு இன்னொரு விஷயம். எட்வர்ட்ஸ், பட்டாவ் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை, பலர் சில நாட்களிலேயே போய்விடுகிறார்கள். பச்சை மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று, இரண்டையும் முதல் நாளே எடுத்து வையுங்கள். குழந்தை போன பிறகு அந்தப் பெற்றோரின் அடுத்த கேள்விக்குப் பதில் அந்த டியூபில்தான் இருக்கும்.

பெற்றோரிடம் சொல்வது

இதைப் புதியவர்கள் தனியாகச் செய்யக் கூடாது. மூத்த மருத்துவரோடு போய் உட்கார்ந்து கவனியுங்கள். ஆனால் குழந்தையைப் பார்த்து உங்கள் முகம் மாறியதை அம்மா ஏற்கெனவே கவனித்திருப்பார். "ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொல்ல வேண்டாம். "பெரிய டாக்டர் வந்து பார்த்ததும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் உட்கார்ந்து பேசுவாங்கம்மா" என்றால் போதும்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இருக்கும்போது, திரை போட்ட இடத்தில், குழந்தை அம்மா மடியில் இருக்கும்படி பேச வேண்டும். அப்பாவைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போய், "அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்க" என்பது நம் ஊரில் பழக்கம். கெட்ட பழக்கம். ரகசியத்தைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பார். அந்த அம்மாவோ இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கட்டில்காரர் வாயால் தெரிந்துகொள்வார்.

ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: "பாப்பா பிறந்ததுக்கு வாழ்த்துகள்மா. நல்லா பார்த்தோம். உடம்பு கொஞ்சம் தளர்ச்சியா இருக்கு, கண்ணும் கழுத்தும் பார்க்கும்போது டவுன் சிண்ட்ரோமா இருக்குமோன்னு எங்களுக்குச் சந்தேகம். ரத்தப் பரிசோதனை வந்தாத்தான் உறுதி. இருதயத்தை நாளைக்கே ஸ்கேன் பண்ணப் போறோம்." அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். அவர்கள் கேட்கட்டும்.

"நான் என்ன தப்பு பண்ணேன், டாக்டர்?" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும். கிரகணத்தன்று வெளியே போனது, பப்பாளி தின்றது, இரும்பு மாத்திரையை விட்டது எதுவும் காரணமில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாததால் வருவது, யாரும் தடுத்திருக்க முடியாது. இதைப் பெரியவர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள். "சொந்தத்துல கட்டினதாலயா?" என்பது அடுத்தது. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கல்யாணம் செய்வதற்கும் தொடர்பில்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது வேறு வகை மரபணு நோய்கள். மாமன் மகளைக் கட்டிய குடும்பத்தில் இந்த ஒரு பதில் எத்தனையோ சண்டையை நிறுத்தும்.

எவ்வளவு நாள் இருப்பாள் என்று கேட்டால்: நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் நாடுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் இன்று 60-ஐ ஒட்டியிருக்கிறது. நடப்பாள், பேசுவாள், பள்ளிக்குப் போவாள், எல்லாம் கொஞ்சம் தாமதமாக. அதற்கு மேல் ஜோசியம் சொல்ல வேண்டாம்.

ரிப்போர்ட் வந்த பிறகு

47, எக்ஸ்எக்ஸ், +21 என்று இருந்தால்: மொத்தம் 47 குரோமோசோம், பெண் குழந்தை, 21-ஆவது ஒன்று கூடுதல். சுமார் 95 விழுக்காடு இப்படித்தான் வரும். அடுத்த குழந்தைக்கு மீண்டும் வரும் வாய்ப்பு ஒரு விழுக்காடு அளவு. தாய்க்கு வயது கூடுதலாக இருந்தால் அந்த வயதுக்கான வாய்ப்பு.

எண்ணிக்கை 46 என்று இருந்து, கூடவே 14;21 என்பது போல இரண்டு எண்கள் இருந்தால் நார்மல் என்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள். கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரைவுப் பரிசோதனையில் தெரியாதது இந்த ஒட்டல்தான். இப்போது அம்மா அப்பா இருவருக்கும் குரோமோசோம் பார்க்க வேண்டும். அம்மா இதைச் சுமப்பவராக இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு. அப்பாவாக இருந்தால் மிகக் குறைவு. இருவரில் ஒருவருக்கு 21-ம் 21-ம் ஒட்டியிருந்தால் பிழைத்துப் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் வரும். மரபியல் மருத்துவரிடம் அனுப்பாமல் இந்தக் குடும்பத்தை விடக் கூடாது. அடுத்த கர்ப்பத்தில் 11-ஆம் வாரத்திலிருந்து என்னென்ன பரிசோதனை செய்யலாம் என்பதை அவர்கள் அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளில் டவுன் சிண்ட்ரோமும் ஒன்று. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். முதல் சில மாதங்களிலேயே தொடங்கினால்தான் பலன். மற்ற பெற்றோரோடு பேச வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையில் இயங்கும் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவைச் சொல்லலாம்.

அட்டையில் எக்கோ தேதி, தைராய்டு தேதி இரண்டையும் தமிழில் எழுதுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால், மூச்சு வாங்கினால், பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். குரோமோசோம் ரிப்போர்ட்டை எந்த அறையில், யாரிடம், எந்தக் கிழமை வாங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். குடும்பத்தின் ஃபோன் எண் இரண்டை வாங்கி வார்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு வந்த பெண் தாய் வீட்டுக்கு ஒரு ஊர், மாமியார் வீட்டுக்கு ஒரு ஊர் என்று போய்விடுவார். வந்த ரிப்போர்ட் வாங்க ஆளில்லாமல் அலமாரியில் கிடக்கும்.